மருந்து கொண்டு போகாமல் வன்னிக்கு ஒரு மருத்துவ முகாம்

லண்டனில் இருந்து வன்னிக்கு மருத்துவ முகாமுக்குப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது "எவ்வளவு மருந்து கொண்டு போறீங்கள்?" என்பதுதான். ஒன்றும் கொண்டு போகவில்லை என்றால் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒரு அக்கா தன் வீட்டு அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த குளிசைகள், பாதி முடிந்த அன்ரிபயோட்டிக், மனுசனுக்குப் போன வருசம் எழுதிக் கொடுத்த நோக்குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, வாசலில் வைத்துத் தந்துவிட்டுப் போனார். நல்ல மனம்தான். ஆனால் நான் மருந்தாளர், ஃபார்மசியில் வேலை செய்கிறேன், அந்தப் பை அடுத்த நாளே எங்கள் கடையில் அழிப்பதற்கென்று வைத்திருக்கும் பெட்டிக்குள் போய்விட்டது.

இது வெறும் பிடிவாதம் இல்லை. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் விதிமுறை வைத்திருக்கிறது. போய்ச் சேரும்போது பொதுவாக ஒரு வருசமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. இலங்கையில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதி இல்லாமல் மருந்தைப் பெட்டியில் அடைத்துக் கொண்டு இறங்கவும் முடியாது. டொக்டர்மார் என்றால் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும், எங்களோடு வந்த டொக்டர்கள் அதற்காகவே எத்தனையோ தரம் மின்னஞ்சல் போட்டார்கள். எனக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே முகாமில் மருந்து எடுத்துக் கொடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மருந்தாளர் அண்ணைதான், நான் அவருக்குக் கீழே, சனம் கொண்டு வரும் பைகளைப் பிரித்துப் பார்த்து எழுதுகிற ஆள். இந்த ஒழுங்கு எனக்கு நல்லாகவே பிடித்திருந்தது, ஏனென்றால் நாங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தச் சனத்துக்கு மாதாமாதம் மருந்து கொடுக்கப் போவது அவர்தான்.

அம்மாவுக்குத்தான் பயம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு கிளாலிக் கடலால் வன்னிக்குப் போய் அங்கே மலேரியாவோடு நடுங்கிக் கிடந்தவர் அவர். "குளோரோகுயின் வாங்கினியா பிள்ளை?" என்று நாளுக்கு நாலு தரம் கேட்டார். அம்மா, இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 செப்டெம்பரிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்றால் நம்பமாட்டார். சரி என்று நுளம்புக்குப் பூசுகிற கிறீம் வாங்கிக் காட்டினேன். டெங்கு இருக்கிறதுதானே.

கொழும்பில் இருந்து ஏ9 வீதியால் வவுனியா, ஓமந்தை, பிறகு புளியங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணி ரோட்டு. 2002இல் சமாதானம் என்று பாதை திறந்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய்த்தான் மற்றப் பக்கம் ஏறியதாக எங்கள் டிரைவர் அண்ணை சொன்னார். 2006 ஓகஸ்டில் அதுவும் பூட்டுப்பட்டது. இப்போது வான் நிற்காமலே போகிறது. ரோட்டு நல்ல காப்பெற், இரண்டு பக்கமும் பாலை, வீரை மரங்கள், வெயில் என்றால் வெயில், சோளகக் காற்றில் மண் பறந்து வந்து பல்லுக்குள் கடிபட்டது.

முகாம் நடந்தது ஒட்டுசுட்டானுக்கு இப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், விடுமுறைக் காலம். முதல் நாள் காலை எட்டு மணிக்கே சனம் வந்து மாமரத்துக்குக் கீழே இருந்துவிட்டது. நாங்களும் மேசை போட்டுக் காத்திருந்தோம். ஆனால் தொடங்க முடியவில்லை, விளக்கேற்ற ஒரு பிரமுகர் வர வேண்டுமாம். வந்தார், பத்தரைக்குப் பிறகு. பிறகு பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, எங்களைப் புகழ்ந்து இன்னொரு உரை. சாப்பிடாமல் சீனி சோதிக்க வந்த வயது போன ஆக்கள் அந்த உரைகளையெல்லாம் வெறும் வயிற்றோடு கேட்டார்கள். குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் எங்களுக்காகக் காத்திராமல் உரை நடக்கும்போதே வரிசையில் போய்ப் போய் விரலில் குத்திச் சீனி பார்த்து, பார்த்தவர்களுக்குப் பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கொடுத்து விட்டார். அன்றைக்கு நடந்த முதல் வைத்தியம் அதுதான், அதுவும் எங்கள் ஆக்கள் செய்தது இல்லை.

என் மேசைக்கு வாறேன். வரும் எல்லாரிடமும் குடிக்கிற குளிசை முழுவதையும் பையோடு கொண்டு வரச் சொல்லி மிஸ் வீடு வீடாக முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் புடைவைக் கடைப் பைகளாக வந்து குவிந்தன. ஒரு ஆச்சி பையின் முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினார். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், அவற்றில் ஆங்கிலத்தில் கிறுக்கிய பெயர்கள், கூடவே பளபளவென்று வெளிநாட்டு மருந்து அட்டைகள். உறையில் லொசாட்டன், அட்டையில் கொசார். இரண்டும் ஒரே மருந்து, பிரஷருக்குக் கொடுப்பது, ஒன்று மருந்தின் பெயர், மற்றது கொம்பனி வைத்த பெயர். அட்டை எங்கால் வந்தது என்று கேட்டால், முந்தி ஒருமுறை இதே மாதிரி வெளிநாட்டு ஆக்கள் வந்து கொடுத்ததாம்.

"அது இங்கத்தையான் குளிசை பிள்ளை, இது வெளிநாட்டுக் குளிசை. ரெண்டும் குடிச்சால் கெதியா மாறும் எண்டு நினைச்சன்."

"தலை சுத்துறேல்லையா ஆச்சி?"

"சுத்தும் பிள்ளை. கிணத்தடியில விழுந்தும் போனன். அது வயசுக்கு எண்டு விட்டிட்டன்."

மருந்தாளர் அண்ணை எழும்பி வந்து உறையையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "ஆச்சி, இது ரெண்டும் ஒரே ஆள்தான், சட்டைதான் வேற" என்றார். நான் பத்து நிமிடம் விளக்கியிருப்பேன். பிரஷரைப் பார்த்து, டொக்டரிடம் அனுப்பி, கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். அட்டையை ஆச்சி விட மனமில்லாமல்தான் தந்தார். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பேராசிரியர் சேனக பிபிலே மருந்தின் உண்மையான பெயரிலேயே எழுத வேண்டும் என்று நின்றார், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான். மருந்துக் கொள்கை படிப்பவர்கள் வெளிநாடுகளிலும் அவர் பெயரைச் சொல்வார்கள். அப்படியொரு நாட்டுக்கு நாங்கள் கொம்பனிப் பெயர்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி, ஒரு கிழமையில் திரும்பிப் போய்விடுகிறோம். கனடாவில் இருந்து பிள்ளைகள் அனுப்பிய டைலனோலையும் கடையில் வாங்கிய பனடோலையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! இரண்டிலும் இருப்பது பரசிற்றமோல், பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போனால் ஈரல் பழுதாகலாம்.

வலிக்குளிசை கேட்டு வந்தவர்கள்தான் கனபேர். வயல் வேலை, விறகு, தண்ணீர்க் குடம், நாரியும் முழங்காலும் நோகாமல் என்ன செய்யும்? முகாம் என்றால் டைக்ளோபெனக் அள்ளிக் கொடுப்பது லேசு, வாங்குகிறவருக்கும் சந்தோசம், கொடுக்கிறவருக்கும் சந்தோசம். ஆனால் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகள், காரணம் இன்னும் அறுதியாகச் சொல்லப்படாத அந்தச் சிறுநீரக நோய் இருக்கிற இடங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதான ஒருவருக்கு அந்தக் குளிசை நஞ்சு மாதிரித்தான். இரத்தம் சோதித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று அண்ணை கறாராக நின்றார். ஒரு ஐயா என்னைப் பார்த்து, "லண்டனில இருந்து இவ்வளவு தூரம் வந்து பூசுற மருந்துதானா தாறியள்?" என்று கேட்டார். நியாயமான கோபம். பிசியோ தம்பி அவரைப் பாயில் படுக்க வைத்து நாரிக்கு மூன்று பயிற்சி காட்டிக் கொடுத்தார். ஐயா செய்தார், ஆனால் முகத்தில் கொஞ்சமும் திருப்தி இல்லை.

ஒரு கிழமைக்குள் தொடங்கி ஒரு கிழமைக்குள் முடிக்கக்கூடிய வேலை என்று நான் கண்டது மூக்குக் கண்ணாடி கொடுக்கிற மேசைதான். தையல் தைக்கிற ஒரு அக்கா வந்திருந்தார். பிளஸ் 2 கண்ணாடியைப் போட்டுவிட்டதும் எழுத்து அட்டையை அவர் பார்க்கவில்லை. பைக்குள் இருந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்தார், நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, ஒரே தரத்தில் கோத்தார். பிறகு நூலை உருவிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருதரம் கோத்துப் பார்த்தார், முடியவில்லை. திரும்பப் போட்டுக் கோத்தார். "ம், சரி" என்று மட்டும் சொன்னார், எங்கள் கண் பரிசோதகர் எழுதிய துண்டைக்கூட வாங்க மறந்து எழும்பிப் போனார். கண்ணில் வெள்ளை படர்ந்தவர்களுக்கு அப்படி முடியாது, அவர்களைச் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு எழுதத்தான் வேண்டும். அங்கேதான் உண்மையான சிக்கல். துண்டு இலவசம், சிகிச்சை இலவசம், ஆனால் காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்குப் போக முடியாது, கூட ஒரு ஆள் போனால் அந்த ஆளின் கூலி போகும். மிஸ் ஒரு கொப்பி போட்டு ஊர் ஊராக ஆக்களைச் சேர்த்து ஒரே நாளுக்குத் திகதி எடுத்தார், ஒரு வானுக்கு நாங்கள் காசு கொடுத்தோம். மருந்துக்கென்று சேர்த்த காசு அதற்குத்தான் சரியாகப் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

தோளில் செல் (எறிகணை) துண்டோடு ஒரு தம்பி வந்தான். 2009இல் சின்னப் பிள்ளை, கடைசி யுத்தத்தில் மாத்தளனில் பட்டதாம். தோலுக்குக் கீழே விரலை வைத்தால் எனக்கே தட்டுப்பட்டது. குளிருக்கு நோகும், பாரம் தூக்கினால் கை விறைக்கும். எடுத்துவிடுங்கோ என்று கேட்டான். நரம்புக்குக் கிட்ட இருப்பதைத் தோண்டப் போனால் கையே போய்விடலாம் என்பதால் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பல துண்டுகளை உள்ளேயே விட்டுவிடுவார்கள். உள்ளே இரும்பு என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் ஆபத்து, அதன் காந்தம் துண்டை அசைத்துவிடலாம். அதை ஒருவரும் இதுவரை அவனுக்குச் சொல்லவில்லை. எங்கள் டொக்டர் அவனுடைய கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் அதைப் பெரிதாக எழுதி, எக்ஸ்ரேக்கும் நிபுணரின் கிளினிக்குக்கும் துண்டு கொடுத்தார். அவ்வளவுதான் பள்ளிக்கூட வகுப்பறையில் செய்யக் கூடியது.

நித்திரைக் குளிசை கேட்ட அம்மாக்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. மகன் எங்கே என்று தெரியாமல் இத்தனை வருசம் படுத்தெழும்புகிற ஒருவருக்குக் குளிசை எதற்கு என்று டொக்டருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் போய் இருக்கிற ஒருவரும் அங்கே வந்தார். அவரோடு பேசியது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுப் பிள்ளை, மரத்துக்குக் கீழே கதிரை போட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் குழுவில் ஒருவர் அதைத் தூரத்தில் நின்று படம் எடுக்கப் போனார். கமராவை உள்ளே வைக்கச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

முடிந்த பிறகு மாங்குளத்தால் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனோம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் போக டிரைவர் அண்ணை சம்மதிக்கமாட்டார். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வானுக்குள் கோது பறக்கப் பறக்கச் சாப்பிட்டோம்.

போக நினைக்கிறவர்கள் முதலில் அந்தப் பகுதிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையோடு தொடர்புகொள்ளுங்கள், என்ன தேவை என்று அவர்களே சொல்வார்கள். மருந்தாளர் அண்ணையிடம் அடுத்த முறைக்கு என்ன வேணும் என்று வைபரில் கேட்டிருந்தேன். வாசிக்கிற கண்ணாடி, நீரிழிவுக்காரரின் காலில் உணர்ச்சி பார்க்கிற நைலோன் இழை, காலை மாலை என்று தமிழில் அச்சடித்த ஒட்டு லேபல், இவ்வளவும்தான் கேட்டார். பிறகு இன்னொரு செய்தி வந்தது. "ஆவணியில வராதேங்கோ தங்கச்சி, சிறுபோக வெட்டு, சனம் வயலுக்குள்ள. பங்குனிக் கடைசியில வாங்கோ. பொன்னாடை ஆக்களுக்கு மட்டும் முதலே சொல்லிப்போடாதேங்கோ."