பையர் கேட்காத ஷிப்மென்ட்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டரைத் தேதி தவறாமல் அனுப்பிவைக்கிற வேலை, பார்க்கிறவருக்கு நாள்களைப் பின்னாலிருந்து எண்ணத் தெரிய வேண்டும். ஷிப்மென்ட் தேதியை முதலில் போட்டுவிட்டு அங்கிருந்து இறங்கி வருவோம். பேக்கிங் என்றைக்கு முடியணும், தையல் என்றைக்கு லைனில் ஏறணும், துணி சாயப்பட்டறையிலிருந்து என்றைக்கு வரணும், பையர் (ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி) எந்தத் தேதிக்குள் பிபி சாம்பிளுக்கு, அதாவது மொத்தமாகத் தைக்குமுன் காட்டும் மாதிரிக்கு, ஓகே சொல்லணும், நூலுக்கு எப்போது ஆர்டர் போடணும். எல்லாம் ஓர் எக்செல் ஷீட்டில் இருக்கும். நடுவில் ஒரு தேதி வழுக்கினால் அதற்கு அடுத்த எல்லாத் தேதியும் சேர்ந்து வழுக்கும். கடைசியில் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு கம்பெனி தலையில், திட்டு நம் தலையில்.

இந்த வேலையில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு நாவல் எழுதும் ஆசையையும் விடாமல் வைத்திருந்தவள் நான். முப்பது நாளில் 50,000 சொல் என்ற சவாலைக் கேள்விப்பட்டதும் அது எனக்காகவே யாரோ போட்ட ஷீட் மாதிரி தெரிந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 1,667 சொல். இதைவிடக் கஷ்டமான டார்கெட்டை எல்லாம் லைனில் எடுத்திருக்கிறோமே என்று நினைத்தேன்.

சவாலின் பெயர் நேஷனல் நாவல் ரைட்டிங் மன்த். சுருக்கமாக நானோரைமோ. 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு விளையாட்டாக ஆரம்பித்தது. முதல் வருஷம் 21 பேர். அடுத்த வருஷமே நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள். நவம்பரில் அங்கே வானிலை மோசமாக இருக்கும், வெளியே சுற்றாமல் உட்கார்ந்து எழுதலாம் என்பது கணக்கு. எங்களுக்கோ நவம்பர் என்றால் கோடைக்கால ஆர்டர்கள் லைனில் ஏறுகிற நேரம். ஐரோப்பாக்காரர்கள் அடுத்த வெயிலுக்குப் போடப்போகிற டீ-சர்ட்டை இந்த மழையில் நாங்கள் தைத்துக்கொண்டிருப்போம். அந்த மாதத்தில் லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் எழுதினேன். மிச்சத்தை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன்.

எழுத ஆரம்பித்தபோதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு இதுவரை வந்த கெடு எல்லாமே அடுத்தவர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வைத்தார், இங்கே பையர் வைக்கிறார். தவறினால் மெயில் வரும், போன் வரும், பணத்தைப் பிடிக்கும் டெபிட் நோட் வரும். இந்த 50,000 சொல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. அனுப்பாவிட்டால் எந்தத் துறைமுகத்திலும் கண்டெய்னர் காலியாக நிற்கப்போவதில்லை. ஆபீஸில் எட்டு ஸ்டைல் உடுப்புக்கு ஒரே நேரத்தில் தேதி காப்பாற்றுகிற எனக்கு, பையர் கேட்காத இந்த ஒரு ஷிப்மென்ட்டைக் காப்பாற்றுவது அவ்வளவு பாடாக இருந்தது.

கெடுவுக்கு நாவல் எழுதுவது தமிழுக்குப் புதிதில்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950லிருந்து 1954 வரை வாராவாரம் வந்தது. ஜெயமோகன் 2014 ஜனவரி 1இல் வெண்முரசைத் தொடங்கி, அநேகமாக தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் போட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடித்தார். அவர்களுக்கு மறுமுனையில் வாசகர் உட்கார்ந்திருந்தார். தஸ்தயேவ்ஸ்கி கதை இன்னும் மோசம். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் தராவிட்டால் ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் காசு தராமல் அச்சடித்துக்கொள்ளலாம் என்று பதிப்பாளர் ஒருவர் கையெழுத்து வாங்கியிருந்தார். அன்னா என்கிற இளம்பெண்ணைச் சுருக்கெழுத்துக்கு வைத்துக்கொண்டு 26 நாளில் சூதாடி நாவலைச் சொல்லி முடித்தார். அடுத்த வருஷம் அன்னாவையே கல்யாணமும் செய்துகொண்டார். அப்படி ஒரு பதிப்பாளர் நமக்கு வாய்க்க வேண்டாம், ஆனாலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தது உண்மைதானே.

யாரும் கேட்காமலே எழுதிய ஆபீஸ் ஆள் என்று எனக்குப் பிடித்தவர் அந்தோனி டிராலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், பிரிட்டிஷ் தபால் துறை அதிகாரி. அங்கே தெருவில் தபால் பெட்டி வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். அப்புறம்தான் ஆபீஸ். தன்னை எழுப்பிவிட்டு காபி கொடுப்பதற்காகவே வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். அவர் இறந்தபின் 1883இல் வந்த சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஏதோ செருப்புத் தைக்கிற மாதிரி சொல்கிறாரே என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் சுளிக்க ஒன்றும் தெரியவில்லை. அவருடைய வேகத்தில் 1,667 சொல்லுக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம் போதும். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பொறாமைக்கு இன்னொரு காரணம், அவர் எண்ணியது ஆங்கிலச் சொல். சொல் எண்ணும் மென்பொருள் இடைவெளியைத்தான் எண்ணும். ஆங்கிலத்தில் நாலு சொல்லாக விழுவது நமக்கு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். தமிழில் 50,000 சொல் முடிக்கிறவர் ஆங்கிலத்தில் முடிக்கிறவரைவிட நல்ல தடியான புத்தகத்தை எழுதியிருப்பார். சவாலில் சேர்ந்து எழுதிய எங்களுடைய சின்ன வாட்ஸாப் குழுவில் இதைப் பற்றி முதல் வாரமே சண்டை. சிலர் இலக்கை 35,000 ஆக்கலாம் என்றார்கள். இரவு பதினோரு மணிக்கு இன்னும் இருபது சொல் பாக்கி என்று நிற்கும்போது ஒட்டி எழுத வேண்டியதையெல்லாம் பிரித்து எழுதிக் கணக்கை முடித்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

சொல் கணக்காவது சமாளிக்கக்கூடியது. நான் படித்த புத்தகங்கள்தான் கையை அதிகமாகப் பிடித்து இழுத்தன.

நாவல் எழுதும் ஆசையை எனக்குக் கொடுத்தது அசோகமித்திரனின் கரைந்த நிழல்கள். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் சினிமாத் தயாரிப்பைப் பற்றி எழுதிய நாவல். அதில் நட்சத்திரங்களைவிட, வண்டி ஏற்பாடு செய்கிறவர், ஆளைக் கூட்டி வருகிறவர், பணத்துக்கு அலைகிறவர்கள்தான் கண்ணில் நிற்பார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜனைப் படித்தபோது இந்த ஆள் எங்கள் கம்பெனியில் இருக்கிறாரே என்று தோன்றியது. எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டு, எவர் பெயரிலும் விழாத பழியைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு ஓடுகிற ஒருவர். வேலையைத் தவிர வேறு எதையுமே சொல்லாமல் ஒரு மனிதனைக் காட்டிவிட முடியும் என்று அந்த நாவல்தான் எனக்குக் காட்டியது. அப்புறம் பூமணியின் வெக்கை. கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் மறைந்து திரிகிற பையனின் சில நாள்கள்தான் கதை. ஆனால் ஒரு வம்சத்தின் நிலத்தகராறு முழுக்க அந்த நாள்களுக்குள் வந்துவிடும். எங்கள் ஊரைப் பற்றியே எம். கோபாலகிருஷ்ணனின் மணல் கடிகை இருக்கிறது. சாயக் கழிவைப் பற்றி சுப்ரபாரதிமணியனின் சாயத்திரை இருக்கிறது.

இவ்வளவு பேரும் எழுதியபின் நான் என்ன எழுத? இந்தக் கேள்வியால்தான் பல வருஷம் முதல் பக்கத்தைத் தாண்டாமல் இருந்தேன். ஒரு வரி எழுதுவேன், அசோகமித்திரன் இதை எழுதியிருப்பாரா என்று பார்ப்பேன், அழிப்பேன். தையல் லைனில் ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பின்னும் ஒரு செக்கரை உட்கார வைத்தால் தரம் நன்றாகத்தான் இருக்கும், சாயங்காலம் வரை ஒரு பீஸ் வெளியே வராது. நிறையப் படிக்கிறவர்களின் நிலைமை இதுதான். நவம்பர் எனக்குச் செய்த ஒரே நல்லது அந்த செக்கர்களை ஒரு மாதம் லீவில் அனுப்பியது. 1,667 என்கிற எண் தலைக்கு மேல் நிற்கும்போது அசோகமித்திரனை நினைக்க நேரம் இருக்காது.

அப்படி நேரம் இல்லாமல் போனதால் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் கதை 2011இல் நடக்கிறது. அந்த ஜனவரிக் கடைசியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்று நிலைமை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் அதற்கு முன் சாயக் கழிவால் என்ன பாடுபட்டன என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். மூடியதும் துணியைச் சாயம் போட வெளியூருக்கு லாரியில் அனுப்ப வேண்டியிருந்தது. அது மெர்ச்சண்டைசர் பக்கத்துக் கதை, எனக்குத் தூக்கத்தில்கூட எழுத வரும். பட்டறையில் வேலை போனவரின் வீட்டுக்குள் போகத்தான் வழி தெரியவில்லை. நிதானமாக எழுதியபோதெல்லாம் அந்த வீட்டு ஆள்கள் செய்தித்தாள் மாதிரி பேசினார்கள். இரண்டாவது வாரம், பஸ் குலுக்கலில், வேகமாகத் தட்டிக்கொண்டு போகும்போது அந்த வீட்டு அம்மா திடீரென்று, "அதயெதுக்குங்க கேக்கறீங்க, அடுப்புப் பத்தவெச்சு ரெண்டு நாளாச்சுங்க" என்றாள். நான் வீட்டில் பேசுகிற கொங்குப் பேச்சு. அதைத் திருத்தி எழுத எனக்கு அவகாசம் இல்லை, விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த அம்மா நிறுத்தவே இல்லை.

ஒருநாள் கை வலிக்கிறதென்று போனில் வாய்ஸ் டைப்பிங் செய்து பார்த்தேன். நான் சொன்ன பேச்சையெல்லாம் அது பாடப்புத்தகம் ஆக்கிவிட்டது. மறுபடி கட்டைவிரலுக்கே திரும்பினேன்.

மூன்றாவது வாரம் எல்லாரும் தொய்கிற வாரம். குழுவில் பாதிப் பேர் பேச்சே இல்லை. கேமராவை அணைத்துவிட்டு இரவில் இருபது நிமிஷம் சேர்ந்து எழுதுவோம், அதில் மூன்று பேர் மிஞ்சினோம். அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னரைப் பற்றி யாரோ சொன்னார்கள். 1929இல் பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே, கவிழ்த்துப் போட்ட தள்ளுவண்டியை மேசையாக்கி, ஆறு வாரத்தில் ஆஸ் ஐ லே டையிங் நாவலை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் திருத்தங்கள் இருக்கத்தான் செய்கின்றன. எழுத்தாளர்கள் தங்கள் வேகத்தைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். எரின் மார்கன்ஸ்டெர்னின் தி நைட் சர்க்கஸ் நாவல் இந்த நவம்பர்களில் முளைத்ததுதான். ஆனால் ஒரே நவம்பரில் முளைக்கவில்லை, அச்சுக்குப் போகுமுன் பலமுறை திரும்ப எழுதப்பட்டது. வந்தது 2011இல்.

மாதக் கடைசியில் இலக்கைத் தொட்டேன். தொட்ட அன்று ஆபீஸில் ஒரு லாட் துணி ஷேடு மாறி வந்திருந்ததால் கொண்டாட முடியவில்லை.

அந்தச் சவாலை நடத்திய நிறுவனம் இப்போது இல்லை. செயற்கை நுண்ணறிவை எழுத்தில் பயன்படுத்துவதை எதிர்ப்பது ஒருவகை மேட்டிமைத்தனம் என்கிற பொருளில் 2024இல் அவர்கள் ஓர் அறிக்கை விட, பெரிய சண்டையாகி எழுத்தாளர்கள் சிலர் விலகினார்கள். 2025 மார்ச் கடைசியில் நிறுவனத்தையே மூடுவதாக அறிவித்தார்கள். பண நெருக்கடி முக்கியக் காரணம், வேறு பிரச்சினைகளும் இருந்தன. எனக்கு அந்த அறிக்கைதான் புரியவே இல்லை. கதை எப்படி இருந்தாலும் சரி, எழுதியது நீயாக இருந்தால் போதும் என்பதுதான் அந்தச் சவாலே. 50,000 சொல்லை மெஷின் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கொட்டிவிடும். அதைக் காட்டி ஜெயித்தேன் என்று சொன்னால் யாரை ஏமாற்றுகிறோம்? பையர் இல்லாத சரக்குக்குப் போலி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தயார் செய்வானேன்?

நிறுவனம் போனாலும் நவம்பரில் நாங்கள் மிஞ்சியவர்கள் எழுதுகிறோம். இலக்கை மட்டும் குறைத்துவிட்டோம். இப்போது எனக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு சொல், அதுவும் வருஷம் முழுக்க. அந்த மாதம் எழுதியதில் முக்கால்வாசி போய்விட்டது. என் மெர்ச்சண்டைசர் கதாபாத்திரத்தின் புலம்பல்கள் எல்லாம் போயின, நஷ்டமில்லை. கொங்குப் பேச்சு அம்மா மட்டும் முழுசாக இருக்கிறாள்.

அவள் வருகிற அத்தியாயங்களை எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிற ஓர் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவருடைய வீட்டுக்காரர் 2011இல் சாயப்பட்டறையில், துணிக்குச் சாயமேற்றும் விஞ்ச் மெஷினில் நின்றவர். வார இதழ்த் தொடர்கதைகளைக் கத்தரித்துத் தைத்து வைத்திருக்கிற வாசகி அவர். ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா உங்க கதையில எல்லாரும் ஒக்காந்து அழுதுட்டே இருக்கறாங்க. நாங்க எங்க அழுதோம்? அவரு மூணாம் நாளே தேங்கா உரிக்கப் போயிட்டாரு. நான் பவர் டேபிள்ல கைமடியாச் சேந்துட்டேன். வாடகை யாரு குடுப்பாங்க?"

"அப்ப அதை மாத்தட்டுங்களாக்கா?"

"மாத்துங்க. அந்தம்மா கடைசில ஊருக்குப் போறாளா, இங்கயே இருக்கறாளா? அத மொதல்ல சொல்லுங்க."

இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன். அப்படியானால் சனிக்கிழமைக்குள் முடிவு பண்ணி அடுத்த அத்தியாயத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனார். இந்த வாரம் இரண்டு ஸ்டைலுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேறு இருக்கிறது.