அங்குலம், சென்ட், கிலோ, உறைபனி: ஓர் அணிக்குள் சேர்த்த அனுபவம்

கோத்தகிரிக்கு அருகில் பச்சை இலை வாங்கித் தேயிலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஓய்வு பெறும்வரை கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குன்னூர், கேத்தி, மஞ்சூர், கோத்தகிரி, கட்டபெட்டு ஆகிய ஐந்து இலை மையங்களின் மழைக் குறிப்பேடுகளை 2013 முதல் 2023 வரை பதினோரு ஆண்டுகள் அவரே பராமரித்தார். அதே ஆண்டுகளின் கொழுந்து எடைகள் தனிக் கோப்புகளிலும், ஒவ்வொரு மையத்தின் வெப்பமானிக் கருவி மணிக்கொரு முறை பதிந்த வெப்பநிலைகள் வேறு கோப்புகளிலும் இருந்தன. ஜனவரியில் உறைபனி விழுந்தபின் எத்தனை நாளில் கொழுந்து குறைகிறது என்ற ஒரே கேள்விக்காக இவை அனைத்தையும் பைத்தான் என்ற நிரல்மொழியில், எண் அட்டவணைகளைக் கணக்கிடும் நம்பை (NumPy) என்ற நிரலகத்தின் துணையோடு ஒன்றுசேர்க்க முயன்றேன். ஒரு வார வேலை என்று எண்ணியது இரண்டு மாதம் பிடித்தது. அது எங்கெங்கே தடைப்பட்டது என்பதை, இதே வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன்.

வெப்பநிலை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் கருவி நெஞ்சளவு உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் புல்லும் தேயிலைச் செடியின் மேல்மட்டமும் அந்தக் காற்றைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். கருவி 2 டிகிரி காட்டும் விடியலிலும் தரையில் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அது விழுந்ததற்குச் சான்று அப்பா குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய ‘உறைபனி’ என்ற சொல்தான். ஆகவே எண், சொல், நாளொன்றுக்கு 24 வெப்பநிலைகள் கொண்ட வரிசை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வேண்டியிருந்தன.

நம்பையில் தரவைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைக்கும் அமைப்புக்கு அணி என்று பெயர். அதற்குள் எல்லாக் கட்டங்களும் ஒரே தரவு வகையில் (எண் என்றால் எண், சொல் என்றால் சொல்), ஒரே பைட் அளவில் இருந்தாக வேண்டும். நினைவகத்தில் அவை இடைவெளியின்றி அடுத்தடுத்து அமர்வதால்தான் கணக்கு அவ்வளவு விரைவாக நடக்கிறது. இதை அறிந்திருந்தும், எண் நெடுவரிசைகளின் பக்கத்தில் குறிப்புச் சொற்களின் நெடுவரிசையை ஒட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எண்கள் அனைத்தும் எழுத்துச் சரங்களாக, அதாவது வெறும் எழுத்துக் கோவைகளாக, மாறியிருந்தன; எட்டு பைட் பிடித்த ஒரு தசம எண், 32 எழுத்துக்கு இடம் ஒதுக்கிய சரமாகி 128 பைட் பிடித்தது. கொழுந்து எடைகளை வரிசைப்படுத்தியபோது 1050.0 முன்னாலும் 98.5 அதற்குப் பின்னாலும் நின்றதைப் பார்த்த பிறகுதான் நடந்தது விளங்கியது. எண்ணாக அல்லாமல் எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 1-க்குப் பிந்தியதுதான்.

அடுத்து ஆண்டுகளை அடுக்கினேன். ஒவ்வோர் ஆண்டின் வெப்பநிலையும் நாள், மணி என்ற இரு அச்சுகள் (திசைகள்) கொண்ட அணி. பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆண்டு என்ற மூன்றாம் அச்சு கிடைக்கும் என்பது என் திட்டம். அப்படி அடுக்கித் தரும் நம்பையின் ‘ஸ்டாக்’ செயற்கூறு மறுத்துவிட்டது, ஏனெனில் 2016, 2020 ஆகிய இரண்டும் 366 நாள் கொண்டவை, மற்றவை 365. அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும். மாறாக, பதினொன்றையும் ஒரு பட்டியலில் போட்டு அணியாக்கினேன். நம்பையின் 1.24 பதிப்பு முதல் இப்படிச் செய்தால் பிழை வரும். என் மடிக்கணினியில் இருந்த பழைய பதிப்போ ஓர் எச்சரிக்கை வரியோடு ஏற்றுக்கொண்டது. கிடைத்தது 11 கட்டங்கள் மட்டுமே கொண்ட ‘ஆப்ஜெக்ட்’ வகை அணி. உள்ளே இருந்தவை எண்கள் அல்ல, வெவ்வேறு அணிகளைச் சுட்டும் முகவரிகள். எல்லா ஆண்டுகளின் ஐந்து மணி வெப்பநிலையையும் ஒரே வெட்டில் எடுக்க வழியில்லை. பிறகுதான் ஆண்டு என்பது என் கேள்விக்கு ஓர் அச்சே அல்ல என்பது புரிந்தது. டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் இடையே குளிர் அறுந்துபோவதில்லை. நாள் அச்சின் வழியே ‘கான்கேட்டினேட்’ செய்து நீளமாக இணைத்தபோது 4017 நாள், 24 மணி என்று ஒழுங்காக அமைந்தது.

கலப்புத் தரவுக்கு நம்பையிலேயே உள்ள வழி கட்டமைக்கப்பட்ட அணி. அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு பதிவு; பதிவுக்குள் பெயரிட்ட புலங்கள், ஒவ்வொரு புலத்துக்கும் தனி வகை. நான் மிகவும் மதிக்கும் வசதி, ஒரு புலத்துக்குள்ளேயே ஒரு சிறு அணியை வைக்கலாம் என்பது. நாள், மழை, கொழுந்து, 24 கட்ட வெப்பநிலை, குறிப்பு என்று பதிவை அமைத்து, மையம் ஓர் அச்சாகவும் நாள் மற்றோர் அச்சாகவும் வைத்தால், மழையைக் கேட்கும்போது 5 × 4017 என்ற அணியும், வெப்பநிலையைக் கேட்கும்போது 5 × 4017 × 24 என்ற முப்பரிமாண அணியும் கிடைக்கின்றன.

ஆனால் முதலில் மையத்தின் பெயரையும் ஒரு புலமாகவே வைத்தேன். அதில் பட்ட பாட்டைத் தமிழில் தரவு வைத்திருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். குன்னூர், கேத்தி, மஞ்சூர் ஆகிய மூன்று பெயர்களோடு அணியைத் தொடங்கி, மீதி இரண்டு இடங்களை வெற்றாக விட்டிருந்தேன். நம்பை, இருப்பதில் நீளமான பெயரை அளந்து அகலத்தை நிர்ணயித்துக்கொண்டது. ‘குன்னூர்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கோ புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது எட்டு. பின்னர் நான்காம் இடத்தில் ‘கோத்தகிரி’ என்று எழுதினேன். அதற்கு ஒன்பது குறியீடு வேண்டும். கடைசி இகரக்குறி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு ‘கோத்தகிர’ என்று பதிவாயிற்று. கட்டபெட்டு ‘கட்டபெட்’ ஆயிற்று. கோத்தகிரியின் பதிவுகளைத் தேடினால் ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. நான் கோப்பு தொலைந்துவிட்டதென்று இரண்டு நாள் தேடினேன். அகலத்தைப் பத்தாக்கிய பிறகும் சில பதிவுகள் பொருந்தவில்லை. அவற்றில் ‘கோ’ என்பதன் ஓகாரக்குறி ஒரே குறியீடாக இல்லாமல் ஏகாரக்குறி, கால் என இரண்டாக உள்ளிடப்பட்டிருந்தது. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. இருவகை உள்ளீட்டையும் ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்து அதைச் சரிசெய்தேன். முடிவில் பெயரைப் பதிவிலிருந்தே எடுத்துவிட்டு, மைய அச்சின் வரிசைக்கு ஏற்ற தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டேன். பதிவு ஒன்றுக்கு நாற்பது பைட் குறைந்தது என்பதைவிட, இருபதாயிரம் முறை எழுதப்படும் ஒரு பெயர் இருபதாயிரம் முறை தவறக்கூடும் என்பதே எனக்கு முக்கியமான காரணம். ஓரக் குறிப்புகளையும் இதே காரணத்தால் ஒரு பைட் எண்களாக்கி, எந்த எண் எந்தச் சொல் என்பதைத் தனியே எழுதி வைத்தேன்.

இரண்டு மடிக்கணினிகளில் தயாரித்த பாதிகளை இணைத்தபோது வேறொரு சிக்கல். ஒன்றில் மழை முன்னும் கொழுந்து பின்னும் இருந்தன. மற்றதில் மாறி இருந்தன. ஒரு கட்டமைக்கப்பட்ட அணியை மற்றொன்றில் எழுதும்போது நம்பை புலத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தையே பார்க்கிறது. இரண்டும் தசம எண்களாகையால் தடை சொல்லவும் காரணமில்லை. பிப்ரவரியில் ஒரே நாளில் 640 மில்லிமீட்டர் மழை என்று கண்டபோதுதான் கொழுந்து எடை மழைப் புலத்தில் அமர்ந்திருப்பது தெரிந்தது. எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எங்கள் மலையில் மழையைத் தள்ளிவிட முடியாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரு நாளில் 820 மில்லிமீட்டரும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 911 மில்லிமீட்டரும் பெய்திருக்கின்றன. பிப்ரவரி என்பதால்தான் பிடிபட்டது. ஐப்பசியாக இருந்திருந்தால் நம்பியிருப்பேன். இப்போது புலங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே நகலெடுக்கிறேன்.

வெற்றிடங்களிலும் கவனம் தேவைப்பட்டது. முழு எண் வகையில் ‘இல்லை’ என்று சொல்ல இடமில்லை. கோப்பைப் படித்து அணியாக்கும் ‘ஜென்ஃபிரம்டெக்ஸ்ட்’ செயற்கூறு முழு எண் நெடுவரிசையின் வெற்றுக் கட்டத்தில் -1 என்று நிரப்பிவிடும். தசம எண் வகையில், இங்கே எண் இல்லை என்று காட்ட ‘நேன்’ (NaN) என்ற குறி உண்டு. மழை, கொழுந்து இரண்டையும் தசம எண்ணாகவே வைத்தேன்.

எல்லாவற்றிலும் ஆழமான தவறு மழைப் புலத்தில் இருந்தது, அதை எந்தச் செயற்கூறும் பிடித்திருக்க முடியாது. தோட்டங்களில் மழையை அங்குலத்திலும் சென்டிலும் சொல்வது வழக்கம். நூறு சென்ட் ஓர் அங்குலம். அப்பா ‘1.5’ என்று எழுதினால் ஓர் அங்குலம் ஐந்து சென்ட், ‘1.50’ என்று எழுதினால் ஓர் அங்குலம் ஐம்பது சென்ட். முதலாவது 26.67 மில்லிமீட்டர், இரண்டாவது 38.1. நான் அந்த நெடுவரிசையைத் தசம எண்ணாகப் படித்த நொடியில் இரண்டும் 1.5 ஆகிவிட்டன. அந்த வேறுபாடு எழுத்தில் மட்டுமே உயிரோடு இருந்தது. ஆகவே குறிப்பேட்டிலிருந்து தட்டச்சு செய்த கோப்பை முதலில் சரமாகப் படித்து, புள்ளிக்கு முன்னும் பின்னும் பிரித்து, இரண்டு முழு எண்களாக்கி, அதன்பின் 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டராக மாற்றினேன்.

இப்போது எக்ஸ்அரே என்னும் நிரலகத்துக்கு மாறியிருக்கிறேன். 2014-இல் வெளிவந்த இது, அச்சுகளுக்குப் பெயர் சூட்டவும், மழைக்கு மையம், நாள் என்ற இரண்டையும் வெப்பநிலைக்கு அவற்றோடு மணியையும் தரவும், ஒவ்வொன்றையும் தன் தன் வகையில் வைத்திருக்கவும் இடம் கொடுக்கிறது. எது அச்சு, எது புலம் என்று நம்பையில் முட்டி மோதித் தெளிந்திருந்ததால் மாற்றம் ஒரு மாலையில் முடிந்தது. உறைபனிக் குறிப்புள்ள நாள்களை எடுத்து, அடுத்த முப்பது நாள் கொழுந்தோடு வைத்துப் பார்க்கும் கணக்கு நான்கு வரிதான்.

அதை ஓட்டுமுன் மழை நெடுவரிசை முழுவதையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய குறிப்பேடுகளைத் திண்ணையில் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். 2017-இல் அவர் விடுப்பில் இருந்த வாரங்களில் வேறொருவர் எழுதிய பக்கம் வந்ததும் நின்றார். அங்கே ஆறு இடங்களில் புள்ளிக்குப்பின் ஒற்றை இலக்கம் இருந்தது.

“இது என் கையெழுத்து இல்லம்மா. அவரு அஞ்சுன்னு நெனச்சாரா, அம்பதுன்னு நெனச்சாரான்னு நான் எப்படிச் சொல்றது?”

முன்பின் நாள்களைக் கொண்டு ஊகிக்கலாமா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்துவிட்டு, ஆறையும் பென்சிலால் வட்டமிட்டார். அந்த ஆறு கட்டங்களிலும் நேன் என்றே இருக்கிறது.