ஒரு ஸ்டாருக்கு ஒரு மாலை

லினக்ஸ் சர்வரில் 412 லாக் ஃபைல்கள். அவற்றை என் மேக்குக்கு இறக்கி, அங்கிருந்து ஒரு விண்டோஸ் கணினிக்கு ஏற்ற வேண்டும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல்களை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையில் ஒரு ஸ்டார் (எந்தப் பெயருக்கும் பொருந்தும் * குறி) போட்டால் ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன்.

எண்டரைத் தட்டியதும் 'பொருந்துவது எதுவும் இல்லை' என்றது. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பாதையில் பிழையா, அனுமதி இல்லையா என்று அரைமணி நேரம் துழாவினேன். கடவுச்சொல்லையே அது கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதாவது, பேச்சு சர்வர் வரைக்கும் போகவே இல்லை. மறித்தது என் மேக்கின் ஷெல், அதாவது நான் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்.

2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக்கில் இசட்-ஷெல்தான் இயல்பான ஷெல். ஸ்டாரைக் கண்டால் முதலில் அது இந்தக் கணினியில் தேடும்; ஒன்றும் பொருந்தாவிட்டால் கட்டளையையே ஓட்டாது. லினக்ஸில் நான் பயன்படுத்தும் பாஷ் என்ற ஷெல் அப்படியில்லை, பொருந்தாத ஸ்டாரை அப்படியே எஸ்சிபியிடம் கொடுத்துவிடும். லினக்ஸில் இத்தனை வருடம் நான் தப்பித்தது அதனால்தான். சர்வர் பாதையை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தேன். இறங்கியது.

எண்ணினால் 371. ஸ்டாருக்குப் பின் நான் 'லாக்' என்ற பின்னொட்டைச் சிறிய எழுத்தில் (log) கொடுத்திருந்தேன்; விடுபட்ட 41-இலும் அது பெரிய எழுத்தில் (LOG) இருந்தது. லினக்ஸுக்கு அது வேறு பெயர். ஸ்டாருக்குப் பின் பெரிய எழுத்தில் போட்டு இன்னொரு முறை ஓட்டினேன்.

மேக்கிலிருந்து விண்டோஸுக்கு அனுப்பியபோதுதான் உண்மையான கூத்து. 'பதிவு-10 என்ற சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று திரை நிறையப் பிழைகள். அப்படி ஒரு சர்வரே என்னிடம் கிடையாது! சில ஃபைல்களின் பெயரில் 10:30 என்று நேரம் இருந்தது. ஷெல் ஸ்டாரைப் பெயர்களாக விரித்துக் கொடுக்க, முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை சர்வர் பெயர் என்று எஸ்சிபி எடுத்துக்கொண்டது. (மேக்கின் ஃபைண்டர் அந்த முக்காற்புள்ளியைச் சாய்கோடாகக் காட்டும். அதனால் அங்கே பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.) ஸ்டாருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டால் எஸ்சிபி குழம்பாது. ஆனால் விண்டோஸ் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளியையே அனுமதிக்காதே. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் இணைப்புக்குறியாக மாற்றி மறுபடி அனுப்பினேன்.

விண்டோஸில் சரிபார்க்கும்போது பின்னொட்டைச் சிறிய எழுத்தில் மட்டும்தான் கொடுத்தேன். அதற்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். 412-உம் வந்தன.