ஆக்ஸி-ஃப்யூவல் ஆய்வு: முதலில் ஆக்ஸிஜன் கணக்கு

ஆக்ஸி-ஃப்யூவல் என்றால், நிலக்கரி மின் நிலையத்தில் காற்றுக்குப் பதில் ஆக்ஸிஜனைக் கொண்டு எரித்து, வரும் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து வைப்பது. எம்.டெக், பிஎச்டிக்கு இந்தத் தலைப்பை எடுக்கும் ஜூனியர்கள் பெரும்பாலும் எந்த சிமுலேஷன் மென்பொருள் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் தாளில் ஆக்ஸிஜன் கணக்கைப் போட்டுவிடுங்கள். எனக்கு ஆய்வின் திசை தெரிந்ததே அந்தக் கணக்கில்தான்.

12 கிலோ கார்பன் எரிய 32 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். 44 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். 500 மெகாவாட் நிலையம் மணிக்கு 450 டன் கார்பன் டை ஆக்ஸைடு விடுவதாக வையுங்கள். அப்படியென்றால் மணிக்குச் சுமார் 330 டன் ஆக்ஸிஜன். காற்றைத் திரவமாகும் அளவுக்குக் குளிர்வித்துப் பிரித்தால் டன்னுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மின்சாரம் போகும். ஆக, மணிக்கு 66,000 யூனிட், அதாவது 66 மெகாவாட் அங்கேயே காலி! பிடித்த வாயுவை அழுத்தும் செலவு தனி. இந்த எண் மனதில் பதிந்துவிட்டால், எந்தக் கட்டுரையைப் படித்தாலும் 'இது அந்த 66-ஐக் குறைக்குமா?' என்று கேட்கத் தோன்றும்.

அப்புறம் சுடருக்கு வாருங்கள். தனி ஆக்ஸிஜனில் எரித்தால் வரும் சூட்டைச் சாதாரண பாய்லர் தாங்காது. அதனால் புகைவாயுவில் பெரும்பங்கைத் திருப்பி உள்ளே விடுகிறார்கள். காற்றில் 21 சதவீத ஆக்ஸிஜனில் கிடைக்கும் சுடர் வெப்பநிலைக்கு இங்கே 30 சதவீதத்தை ஒட்டி வேண்டியிருக்கும். ஏன் என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். நைட்ரஜனைவிடக் கார்பன் டை ஆக்ஸைடு சூடேற அதிக வெப்பம் பிடிக்கும் என்பதோடு நிறுத்தாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் வெப்பத்தைக் கதிர்வீசும், நைட்ரஜன் வீசாது. குழாய்ச் சுவருக்குப் போகும் வெப்பம் அதனால் மாறுகிறது. காற்று எரிப்புக்காக உருவாக்கிய கதிர்வீச்சு மாதிரிகளை அப்படியே போடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

சரி, நிஜ பாய்லர்? ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ பும்ப சோதனை நிலையம் 2008-இல் தொடங்கியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவின் காலைட் மின் நிலையம். அங்கே ஒரு பழைய 30 மெகாவாட் அலகையே மாற்றியமைத்து 2015 வரை 10,000 மணி நேரத்துக்கு மேல் இந்த முறையில் ஓட்டினார்கள். பழைய பாய்லர் என்றாலே கசிவு உண்டு. உள்ளே அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் இடுக்கு வழியே காற்று புகும். அதோடு வரும் நைட்ரஜன், பிடிக்கும் வாயுவின் தூய்மையைக் கெடுக்கும். உங்கள் மாதிரியில் கசிவைப் பூஜ்யம் என்று வைக்காமல் 1, 3, 5 சதவீதம் என மாற்றி ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு வரைபடத்தை வைத்தே தேர்வாளரோடு நெடுநேரம் பேசலாம்.