பூனை 'அவர்' என்று சொல்லாது

பதிப்பகத்தில் பிரதி திருத்தும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இளையோருக்கான ஒரு மாயாஜால நாவல் என் மேசைக்கு வந்தது. கதையை மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள்: மந்திரவாதியிடம் எடுபிடியாக இருக்கும் 16 வயதுப் பெண், அவர் வீட்டுப் பூனை, அப்புறம் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று குமைகிற ஒரு கிழட்டு டிராகன். சிரித்துச் சிரித்துப் படித்தேன். சிரித்துக்கொண்டேதான் கெடுக்கவும் செய்தேன்.

மந்திரவாதி சில இடங்களில் 'அவர்', சில இடங்களில் 'அவன்' என்று வந்திருந்தார். ஒருமை பன்மை மயக்கம் என்று நினைத்து எல்லாவற்றையும் 'அவர்' ஆக்கினேன். 'வந்தான்' எல்லாம் 'வந்தார்' ஆயின. இரண்டு நாள் வேலை. டிராகன் 'நாம் அந்தக் கோட்டையை எரித்தபோது' என்று ஆரம்பிக்கும். கேட்பவர் எரிக்கவில்லையே, 'நாங்கள்'தானே சரி என்று அதையும் மாற்றினேன்.

எழுதியவர் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்க, பூனை யாருக்காவது மரியாதை கொடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

பெண்ணுக்கு அவர் குரு. பூனைக்கு அவன் சாப்பாடு வைக்கிற ஆள், அவ்வளவுதான். டிராகனை யாரும் கூட்டுச் சேர்ப்பதில்லை. அதனால் 'நாம்' போட்டு வாசகரையே உடந்தையாக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 'அவர்', 'அவன்' இரண்டுக்கும் ஒரே சொல்தான்; 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் அப்படியே. தமிழில் சும்மா கிடைத்த வசதியை நான் துடைத்துப் போட்டிருந்தேன்.

சரி, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை யாருக்கு எந்த அத்தியாயத்தில் என்ன தெரியும் என்று எக்செல்லில் குறித்துக்கொண்டே போனேன். 1868-இல் வெளிவந்த வில்கி காலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' நாவலில், அவரவர் நேரில் அறிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்று கதைக்குள்ளேயே ஒரு விதி உண்டு. பல குரல் நாவலுக்கு அதைவிட நல்ல சட்டம் கிடையாது என்பது என் கட்சி. 11-ஆம் அத்தியாயத்தில் அது கைகொடுத்தது. கதவு திறக்கும் மந்திரச்சொல்லைக் கேட்டது பூனை மட்டும். பெண்ணோ அதைச் சொல்லிவிட்டு ஜோராக உள்ளே போகிறாள்! எழுதியவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் தன்னைக் குளிப்பாட்டக் கூடாது என்ற நிபந்தனையில் பூனை அந்தச் சொல்லை அவளுக்கு விற்பதாக ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். நாவலில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

காலின்ஸின் நாவலில் ஒரு வயதான வீட்டுப் பணியாளர் எதற்கெடுத்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைப் புரட்டுவார். பெயர் போடாமலே ஆளைச் சொல்லிவிடலாம். அந்தத் தைரியத்தில், அச்சுக்குப் போகும் முன் அத்தியாயத் தலைப்பிலிருந்த பெயர்களை மறைத்து, முதல் பத்திகளை மட்டும் பக்க வடிவமைப்பாளரிடம் கொடுத்தேன். பூனையையும் டிராகனையும் உடனே சொல்லிவிட்டார். பெண்ணின் பத்தியை இரண்டு முறை படித்தார்.

"இது யாரு, நீங்களா?"

அவள் வாக்கியத்துக்கு ஒரு 'அப்புறம்' போடுகிறவள். இரண்டாம் சுற்றிலும் அவற்றில் பாதியை எடுத்திருந்தேன்.