ரெண்டு தடவைதான் டாக்டர்

ஜூன் 2

கழுவிவிட்டு வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கன்னம் இழுக்கிறது. வாயைக் கொஞ்சம் அகலத் திறந்தால் உதட்டோரம் வெடித்துவிடும் போல. மூக்கு மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஒரே முகத்தில் இரண்டு குடித்தனம்.

போன் வரவில்லை.

ஜூன் 4

குளியலறை அலமாரியை ஒழித்தேன். ஏழு டியூப். ஏழிலும் 'எண்ணெய்ச் சருமத்துக்கு' என்றுதான் போட்டிருக்கிறது. பதினாறு வயசில் யாரோ போகிற போக்கில், "உன் மூஞ்சில எண்ணெய் வழியுதுடி" என்று சொன்னார்கள். யார் என்றுகூட நினைவில்லை. அன்றிலிருந்து ஒரே வேட்டை: நுரை பொங்குவது, ஜில்லென்று இருப்பது, கழுவி முடித்துத் தேய்த்தால் கண்ணாடித் தட்டு மாதிரி 'கிரீச்' என்று சத்தம் போட வைப்பது. அந்தச் சத்தம்தான் சுத்தம் என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்.

ஜூன் 5

காலையிலிருந்து நான்கு. கணக்கு வைக்கக் கூடாது என்றிருந்தேன்.

ஜூன் 7

தோல் டாக்டர் முகத்துக்குப் பக்கத்தில் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். மூக்கு மடிப்பில், வாயோரத்தில், புருவத்துக்கு நடுவில் தவிடு மாதிரிப் பொருக்கு. "வெறும் தண்ணி பட்டாலே எரியுதா?" எரிகிறது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறீங்க?"

"ரெண்டு தடவைதான் டாக்டர்."

நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்தார்.

தோலின் மேலடுக்கை ஒரு சுவர் மாதிரி நினைச்சுக்கோங்க என்றார். செத்த செல்கள்தான் செங்கல். நடுவில் பூச்சு மாதிரி செராமைடு என்கிற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். நுரை தருகிற பொருளுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அப்படித்தான் அழுக்கை இழுத்துக்கொண்டு போகிறது. எது அழுக்கு, எது பூச்சு என்று அதற்குத் தெரியாது.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வாசனை இல்லாத, நுரைக்காத கிளென்சர் ஒன்று, அதுவும் ராத்திரி மட்டும். காலையில் வெறும் தண்ணீர். ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். நாலு வாரம் கழித்து வரணும், 5-ஆம் தேதி.

வரும் வழியெல்லாம் அந்த 'ரெண்டு'தான் மண்டைக்குள். எதற்குப் பொய் சொன்னேன்? ஐந்து என்றால் ஏன் ஐந்து என்று கேட்பார்.

ஜூன் 8

காலையில் இருப்பதிலேயே மிதமான கிளென்சரால் கழுவி, ஒன்றும் தடவாமல் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். சருமம் என்ன வகை என்று வீட்டிலேயே பார்க்க இதைவிட லேசான வழி இல்லை. அப்புறம் மெல்லிய டிஷ்யூவை நான்காகக் கிழித்து நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று ஒவ்வொன்றாக ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூக்குத் துண்டில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு வட்டம். நெற்றியில் அதில் பாதி. தாடையில் இருந்தும் இல்லாமலும். வலது கன்னத்தில் துளி எண்ணெய் இல்லை, ஒரு பொருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

இடது கன்னத்துக் கணக்கு செல்லாது. நடுவில் அம்மா கூப்பிட்டாள், போய்விட்டு வந்தேன், அந்தப் பக்கம் நனைந்துவிட்டது.

ஆக, எனக்கு இருப்பது கலவைச் சருமம். மூக்குக்கு வாங்கிய தண்டனையைக் கன்னம் அனுபவித்திருக்கிறது.

ஜூன் 9

தூக்கம் இல்லை. டியூப்களின் பின்பக்கத்தில் இருக்கும் பொருள்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். எது அதிகமோ அது முதலில், அப்படியே இறங்குவரிசை. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதனால் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் பூவும் பழமும் பின்பக்கத்தில் வாலில் தொங்குகின்றன. எனக்குப் பிடித்த அந்த நுரை டியூபில் தண்ணீருக்கு அடுத்ததே சோடியம் லாரில் சல்ஃபேட் என்கிற நுரைப்பொருள். ஆராய்ச்சியில் தோலை வேண்டுமென்றே எரிச்சலாக்கிப் பார்க்கத் தடவுவார்களே, அதே பொருள்தான். நான் அதைக் காசு கொடுத்து வாங்கி நாளுக்கு ஐந்து முறை பூசியிருக்கிறேன்.

இன்னொன்று. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பிஎச் என்கிற அமில-கார அளவுகோலில் 5 அருகில். சாதாரண சோப்பு 9, 10. நான்கைந்து எண்தானே என்று தோன்றும். அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. நான்கு எண் என்றால் பத்தாயிரம் மடங்கு.

மணி மூன்றரை. பக்கத்து அறையில் இருமல். போய்ப் பார்க்க வேண்டும். முகத்தைக்

ஜூன் 10

புது டியூப் வந்தது. அவசரப்படாமல் தாடைக்குக் கீழே ஓர் ஓரத்தில் மட்டும் போட்டுக் கழுவினேன். நாளைக்குப் பார்க்கலாம். அம்மா நாள் முழுக்கத் தூங்கினாள்.

ஜூன் 11

அரிக்கவில்லை, சிவக்கவில்லை. ராத்திரி முகம் முழுக்கப் போட்டேன்.

முதலில் கையைக் கழுவ வேண்டும். இதை நான் ஒருநாளும் செய்ததில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்து, சுண்டுவிரல் நுனியளவு எடுத்து, விரல் நுனியால் மட்டும் ஒரு நிமிஷத்துக்குள். மூக்கின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கூடுதலாக நின்றேன், கன்னத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு போனேன். முடி ஆரம்பிக்கும் இடத்திலும் தாடைக்குக் கீழேயும் மிச்சம் தங்காமல் அலச வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

நுரை இல்லை, சத்தம் இல்லை, கழுவின மாதிரியே இல்லை. தயிர் ஆடையைத் தடவித் துடைத்த மாதிரி ஒரு வழவழப்பு. கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நின்றேன். பிறகு பழைய டியூபை எடுத்து இன்னொரு தடவை கழுவினேன்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12

எரிச்சல். கேட்டு வாங்கியது.

ஜூன் 13

அக்கா வீடியோவில்.

"மூஞ்சி என்னடி இப்படிச் சிவந்து கிடக்கு?"

"வெயில்க்கா."

"நீ எங்க வெளியில போன?"

"போன் வந்துச்சா?" என்று நான் கேட்டேன். வரவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஜூன் 15

மூன்று.

ஜூன் 16

மூன்றுதான். ஆனால் ஒன்று வெந்நீர். வெந்நீர் கூடாது, கொழுப்பு சீக்கிரம் கரைந்து போகும் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆவியில் கண்ணாடி மூடிக்கொண்டால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஜூன் 17

பழைய டியூப்களைத் தூக்கிப் போட்டேன், ஒன்றைத் தவிர. சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணெயில் கரையும் என்பதால் துவாரத்துக்குள் இறங்கிக் கரும்புள்ளியை இளக்கும், பருவுக்கும் கேட்கும். எல்லாம் ஆறின பிறகு, டாக்டர் சரி என்றால், மூக்குக்கு மட்டும் எப்போதாவது. கன்னத்தில் போட்டது என் தப்பு. 'எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்' என்று சொல்லிக் கொடுத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் தப்பு.

விட்டமின் கலந்த ஃபேஸ் வாஷ்தான் எனக்குப் பெரிய வேடிக்கை. முகத்தில் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. கழுவுகிற சரக்கு கழுவினால் போதும்.

ஜூன் 19

சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் ராத்திரி கட்டாயம் கழுவ வேண்டும், தண்ணீருக்கு அது முழுக்கப் போகாது. சரி. நான் வெளியே போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. சன்ஸ்கிரீன் இல்லை, புகை இல்லை, தூசி இல்லை. பகலில் நான் எதைக் கழுவுகிறேன்?

ஜூன் 20

போன் வந்தது. இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்.

நான்கு.

ஜூன் 21

அம்மா முகம் கழுவிவிடச் சொன்னாள். என் டியூபைக் கொண்டுபோய் வைத்துவிட்டு யோசித்தேன். வயதாக ஆக எண்ணெய்ச் சுரப்பு குறைந்துவிடும், அவள் கன்னம் கசங்கின காகிதம் போலிருக்கிறது. டியூபை மூடிவிட்டு, மெல்லிய துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றினேன். நெற்றி, இமை, மூக்கு ஓரம். காதுக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பசைத் தடத்தில் மட்டும் துளி கிளென்சர். உடனே வந்துவிட்டது. பிறகு ஈரத்தோடேயே மாய்ஸ்சரைசர். கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள்.

"நீ ஏண்டி ஒவ்வொரு தடவையும் மூஞ்சி கழுவிட்டே உள்ள வர்ற?"

"வேர்க்குதும்மா."

"ம்."

துணியை அலசப் போனேன். திரும்பி வந்தபோது கதவுப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். "மூக்க உறிஞ்சுறது இங்க வரைக்கும் கேக்குது" என்றாள்.

ஜூன் 22

ஒன்று.

ஜூன் 23

ஒன்று. கன்னத்தில் தண்ணீர் பட்டபோது எரியவில்லை. இழுக்கவும் இல்லை. மூக்கின் இடது பக்கம் ஒரு பரு வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

5-ஆம் தேதி டாக்டரிடம் ஐந்து என்று சொல்லிவிடலாமா?

ஜூன் 25

அக்கா நாளைக் காலை வருகிறாள். ஒரு வாரம் என்றவர்கள் நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு துண்டு துவைத்துக் காயப் போட வேண்டும், முகத்துக்குத் தனி