பக்கக் கணக்கு: அரையாண்டு நிலவரம்

ஜூன் முடிந்த கையோடு வாசிப்புக் கணக்கைத் திறந்தால் இரண்டு பதில் வருகிறது. செயலியின் பதில்: 40 புத்தக இலக்கில் 14தான் முடிந்திருக்கிறது, பாதி ஆண்டுக்கு 6 புத்தகம் பின்னால். பதிவேட்டின் பதில்: 10,000 பக்க இலக்கில் 5,200 ஆகிவிட்டது, 200 பக்கம் முன்னால். ஒரே வாசிப்புக்கு இப்படி இரண்டு தீர்ப்பு. பதிவேடு சொல்வதுதான் சரி என்பது என் கட்சி.

பதினான்கில் நான்கு தலையணை நாவல்கள். எண்ணிக்கையில் இலக்கு வைத்தால் 900 பக்க நாவலும் 72 பக்கக் கவிதைத் தொகுப்பும் சரிக்குச் சரி. பொன்னியின் செல்வனை ஐந்து பாகமாக வாங்கியவருக்கு ஐந்து, ஒரே கட்டாகப் போட்ட பதிப்பில் படித்தவருக்கு ஒன்று. இதன் விளைவு செப்டம்பர் வாக்கில் தெரியும். பெரிய புத்தகத்தின் பக்கம் கை போகாது. டிசம்பரில் ஒல்லிப் புத்தகங்களாகப் பொறுக்கி எண்ணிக்கையை நிரப்பும் வைத்தியம் தொடங்கும். இலக்கு வைத்ததே கனமானதைப் படிக்கத்தான் என்றால், அந்த இலக்கே அதற்குக் குறுக்கே நிற்கிறது. வாசிப்புச் செயலிகளில் குட்ரீட்ஸ் ஆண்டுச் சவால் புத்தக எண்ணிக்கையில் ஓடுவது. ஸ்டோரிகிராஃபில் பக்கத்துக்கும் ஒலிநூல் மணி நேரத்துக்கும் தனித்தனி இலக்கு வைக்கலாம். அந்த மட்டில் பின்னது தேவலை.

ஆனால் பக்கம் என்பதும் நேர்மையான அளவு இல்லை. தமிழ்ப் பதிப்பில் இது ஆங்கிலத்தைவிட மோசம். டெம்மி, அதைவிடச் சிறிய கிரவுன் என்று புத்தகத்தின் அளவு மாறும்; அதே டெம்மியில் ஒருவர் 28 வரி விடுவார், இன்னொருவர் 36 வரி திணிப்பார். உள்ளே விவரப் பக்கத்தில் ‘எழுத்து: 11 புள்ளி’ என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போட முடியாது. ஒரு எழுத்துருவின் 11 புள்ளி இன்னொன்றின் 10 மாதிரித் தெரியும். போதாக்குறைக்கு அச்சு 16 பக்க ஃபாரம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் தாள்) கணக்கில் ஓடுவதால், கடைசி ஃபாரத்தில் மிஞ்சிய பக்கங்களை விளம்பரமும் வெற்றுத் தாளும் நிரப்பும். முன்னால் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முதல் பதிப்பின் முன்னுரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை. அட்டையில் 320 பக்கம் என்றால் படிக்க இருப்பது 304தான்.

அதனால் இந்த ஆண்டு தரப்பக்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு ஓடுகிறது கணக்கு: 1 தரப்பக்கம் = 1,000 எழுத்து. சொல்லை ஏன் அலகாக வைக்கவில்லை என்றால், தமிழில் சொல்லுக்கு எல்லை கிடையாது. ‘சொல்லியிருக்கவேண்டியதில்லை’ என்று ஒருவர் சேர்த்து எழுதினால் ஒன்று. பிரித்துப் போடுபவரிடம் அதே சரக்கு நான்கு சொல். பழைய உரைநடையையும் இன்றைய பத்திரிகை நடையையும் சொல்லால் ஒப்பிட்டால் பழையது எப்போதும் குறைவாகவே காட்டும். எழுத்து அப்படி ஏமாற்றாது. உயிர் ஒன்று, மெய் ஒன்று, உயிர்மெய் ஒன்று. ‘கொ’ பார்வைக்கு மூன்று வடிவமாக நின்றாலும் ஒன்றுதான். இடைவெளியும் நிறுத்தக்குறியும் கணக்கில் இல்லை.

அளப்பது இப்படி. புத்தகத்தின் நடுவில், உரையாடல் இல்லாத பக்கமாகப் பார்த்து முழுதாக நிறைந்த 10 வரிகளை எண்ணி சராசரி எடுக்க வேண்டும். வழக்கமான டெம்மியில் 34க்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு தலைப்பில்லாத ஒரு பக்கத்தின் வரிகள். மூன்றாவதுதான் தொல்லை பிடித்தது: நிறைவு. எல்லாப் பக்கமும் நிரம்பி இருப்பதில்லை. அத்தியாயம் பாதிப் பக்கத்தில் தொடங்கும், உரையாடல் ஒரு சொல்லோடு வரியை முடித்துவிடும். 300 பக்கப் புத்தகம் என்றால் 25, 55, 85 என்று 30 பக்க இடைவெளியில் பத்து இடம் திறந்து, எழுத்து உள்ள வரிகளை மட்டும் எண்ண வேண்டும். பாதி வரியை அரையாகப் போடலாம். அதை அந்தப் பக்கங்கள் நிரம்பியிருந்தால் வரும் வரிகளால் வகுத்தால் நிறைவு. அடுத்தடுத்த பத்துப் பக்கத்தை எடுத்தால் கணக்கு கோணலாகும். அந்த இடத்தில் ஒரு நீண்ட சண்டைக் காட்சி இருந்தால் முழு நாவலுமே காலி வரிகளால் ஆனது மாதிரிக் காட்டும். கட்டுரை நூல்களில் நிறைவு 0.95ஐ ஒட்டி இருக்கும். பேச்சு மிகுந்த நாவலில் 0.75 வரைகூட இறங்கும்.

ஒரு நாவலின் டெம்மிப் பதிப்பு: 31 வரி × 34 எழுத்து = 1,054. நிறைவு 0.82. பெருக்கினால் 864; ஆக கெழு, அதாவது ஒரு அச்சுப் பக்கத்துக்கு எத்தனை தரப்பக்கம் என்பது, 0.86. படிக்க இருக்கும் 304 பக்கமும் 261 தரப்பக்கம். அதே நாவலின் பழைய கிரவுன் பதிப்பில் 27 வரி × 29 எழுத்து = 783, அதே நிறைவு, கெழு 0.64. அந்தப் பதிப்பில் நாவல் 408 பக்கம் ஓடும். கெழு இல்லாமல் பக்கத்தை மட்டும் எண்ணுபவர், கிரவுனில் படித்தால் சும்மாவே 104 பக்கம் கூடுதலாகப் படித்தவராகிவிடுகிறார். ஆண்டு முழுக்கப் பழைய பதிப்புகளாக வாங்கிப் படிப்பவரின் 10,000க்கும், பொடி எழுத்தில் நெருக்கி அடித்த மலிவுப் பதிப்பு படிப்பவரின் 10,000க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

340 எழுத்தை விரல் விட்டு எண்ணினால் நடுவில் நிச்சயம் தப்பும். அதற்குக் கண்கண்ட கருவி ஜபம் எண்ணும் விரல் கவுண்டர். கோயில் வாசல் கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மோதிரம் போல மாட்டிக்கொண்டு, பென்சில் முனையை எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டே பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடத்தில் ஒரு புத்தகம் முடிந்துவிடும். வாங்கும்போது வேகமாக இருபது முறை அழுத்திப் பாருங்கள். மட்டமான பொத்தான் ஒரு அழுத்தத்துக்கு இரண்டு ஏற்றும், அல்லது ஒன்றை விழுங்கிவிடும். எண்ணி முடித்த கெழுவை அட்டையின் உள்பக்கம் மூலையில் பென்சிலால் எழுதி வைத்தால் மறுவாசிப்புக்கு உதவும். நூலகப் புத்தகத்தில் அந்த வேலை வேண்டாம்.

மின்நூலுக்கு எண்ண வேண்டியதே இல்லை, கணினி செய்துவிடும் என்று தோன்றும். செய்யும், தப்பாக. பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான ரெகெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் கருவி), சொல்லைப் பிரிக்கும்போது தமிழ்த் துணையெழுத்தையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அங்கே சொல் முறிந்ததாக எடுத்துக்கொள்ளும். ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாகக் காட்டும். அந்த முறையில் சொல் எண்ணும் எந்தக் கருவியும் தமிழ் நாவலைக் கண்டபடி ஊதிக் காட்டும். சொல் கணக்கு வேண்டுமென்றால் இடைவெளியை வைத்துப் பிரிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சொல் கணக்கைக் கெடுக்கும் அதே குணம் எழுத்துக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. துணையெழுத்தும் புள்ளியும் விலகிவிட்டால் மிஞ்சுவது த, ம, ழ. மூன்று எழுத்து, இலக்கணப்படியும் மூன்றுதான். ஆவண மென்பொருள் காட்டும் எழுத்து எண்ணிக்கையை எடுத்தால் இதே சொல்லுக்கு 5 வரும், ஏனென்றால் அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து இறக்கிய ஈபப் மின்நூல் கோப்பையும், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் கோப்பையும் காலிபர் என்ற மென்பொருளில் வெற்று உரையாக மாற்றி, இந்த வழியில் எழுத்தை எண்ணி 1,000 ஆல் வகுத்தால் தரப்பக்கம் நேராகக் கைக்கு வரும். நிறைவுத் தலைவலியே கிடையாது. வருடிய படக் கோப்புக்கு மட்டும் அச்சுப் புத்தகம் போலவே கையால்தான்.

கிண்டிலில் பக்க எண் இல்லாத தமிழ் நூல்களே அதிகம். பக்கத்துக்குப் பதில் இடத்தைக் காட்டும் லொகேஷன் எண்ணைப் பக்கமாக மாற்ற ஆங்கில வாசகர்கள் சொல்லும் சூத்திரத்தை இங்கே போடக் கூடாது. எழுத்தைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; ‘கோ’ 6 பைட். பைட்டை வைத்து லொகேஷன் பிரித்த பழைய வகைக் கோப்பில் தமிழ்ப் புத்தகம் அதன் நிஜ உருவத்தைவிடப் பன்மடங்கு பருத்துத் தெரியும். விழுக்காட்டை மட்டும் நம்பலாம்.

ஒலிநூலுக்குக் குறுக்கு வழி போதும். அச்சில் கையில் உள்ள ஒரு அத்தியாயத்தின் தரப்பக்கத்தை அதன் ஒலி நிமிடத்தால் வகுத்து ஒரு கெழு. வாசிப்பவருக்கு வாசிப்பவர் வேகம் மாறும், ஆகவே நூலுக்கு நூல் எடுக்க வேண்டும். 1.25 வேகத்தில் கேட்டாலும் பக்கம் கூடாது.

பதிவேட்டில் ஏழு பத்தி: தேதி, தலைப்பு, பதிப்பு, தொடங்கிய பக்கம், நிறுத்திய பக்கம், கெழு, தரப்பக்கம். முடித்த தேதிக்குத் தனித் தாள். தினசரி அளவுக்கு ஆண்டு இலக்கை 365 ஆல் வகுத்து வைப்பது பலரும் செய்வது, 10,000க்கு 27.4 என்று கவர்ச்சியாக வரும். கல்யாணம், பயணம், காய்ச்சல், ஆண்டு முடிவுக் கணக்கு வேலை என்று ஆண்டில் குறைந்தது 85 நாள் புத்தகம் திறக்காமலே போகும் என்று முன்கூட்டியே கழித்துவிடுவது உத்தமம். 280 நாளுக்கு வகுத்தால் 35.7. இப்போது மிச்சம் 4,800. இரண்டாம் பாதிக்கு 140 நாள். ஆக நாளுக்கு 34.3, சுற்றாக 35. தரப்பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் பிடிப்பவருக்கு 53 நிமிடம். கனமான நூலில் மூன்று நிமிடம் ஆகும். அன்றைக்கு 35 என்று அடம் பிடித்தால் ஒன்றே முக்கால் மணி நேரம், மறுநாள் புத்தகத்தின் பக்கமே போகத் தோன்றாது. கனமானதற்கு 20, மிச்சத்தை இலேசான இன்னொன்றில் நிரப்பலாம். ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் திறந்து வைத்தால் எல்லாமே 120ஆம் பக்கத்தில் நிற்கும். பெரிய நாவல்கள் பெரும்பாலும் நின்றுபோவது அங்கேதான், பாத்திரங்களின் பெயரும் உறவும் குழம்பத் தொடங்கும் இடத்தில். அட்டைத் துண்டில் வம்சாவளியை எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொண்டால் தாண்டிவிடலாம்.

பக்கக் கணக்கின் பெரிய ஆதாயம் பாதியில் விட்ட புத்தகம். எண்ணிக்கை இலக்கில் 200 பக்கம் படித்து விட்டது பூஜ்யம். அந்தப் பயத்திலேயே பிடிக்காததை இழுத்துக்கொண்டு திரிவார்கள். இங்கே படித்த 200உம் வரவில் ஏறும், தயக்கமின்றி மூடலாம்.

வாங்குவது பற்றி. ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துச் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 விழுக்காடு கழிவு என்பது பழகிப்போன விஷயம். கழிவை நம்பி மூட்டை கட்டினால் அந்த மூட்டையே ஆண்டுத் திட்டத்தைத் தின்றுவிடும். அளந்து பார்த்தால் தெரியும், இரண்டு பை நிறைய வாங்கினால் அதுவே 6,000 தரப்பக்கத்தைத் தாண்டும். பாதி ஆண்டை அந்த இரண்டு பையே குத்தகைக்கு எடுத்துவிடுகிறது. பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி நடைபாதையும் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டும். அங்கே கிடைக்கும் பழைய கிரவுன் பதிப்புகளில் கடைசி ஃபாரம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முதுகு விட்ட புத்தகத்தில் முதலில் கழன்று போவது அதுதான். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வருகிறது. அதற்குப் போவதாக இருந்தால் மிச்சமுள்ள 4,800இல் எவ்வளவு ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது என்று கூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இப்போதைக்குக் கூட்டினால் 3,900 வருகிறது, ஆக 900க்கு மேல் வாங்க இடமில்லை. 900 என்றால் நடுத்தர நாவல் மூன்று. கஷ்டம்தான்.

கவிதை இந்தக் கணக்குக்குள் அடங்காது. பக்கத்துக்கு ஒன்பது வரி உள்ள தொகுப்பு 0.15க்கு மேல் கெழு தேறாது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தாலும் 8 தரப்பக்கம் என்று காட்டி அவமானப்படுத்தும். கவிதைக்குத் தனி ஏடு, அலகு பாட்டு. திருக்குறளுக்கு நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் 133 நாளில் முடியும், அதில் சிக்கல் இல்லை. குறுந்தொகைதான் இடிக்கிறது. கடவுள் வாழ்த்து போக 401 பாட்டு. தினம் ஒன்று என்று ஆசையாகத் தொடங்குபவருக்கு டிசம்பர் 31இல் 36 பாட்டு மிஞ்சும். வாரத்துக்கு 8 வைத்தால் 51 வாரத்தில் கடவுள் வாழ்த்தோடு சேர்த்து முடியும். நான்கு முதல் எட்டு அடிப் பாட்டுதான், ஆனால் உரை பாட்டைப்போல் பல மடங்கு. அடுத்த ஜனவரிக்கு அதுதான் திட்டம். உரையைப் பக்க ஏட்டில் ஏற்றுவதா, பாட்டு ஏட்டோடு விடுவதா என்பது முடிவாகவில்லை. ஏற்றுவதானால் பதவுரைக்கு ஒரு கெழு, பொடி எழுத்தில் ஓடும் விளக்கத்துக்கு ஒரு கெழு என்று ஒரே பக்கத்துக்கு இரண்டு எண்ண வேண்டும். கவுண்டருக்குப் புது பேட்டரி போட வேண்டும்.